பயம் கற்றுத்தந்த பெயர்

சிறுவன் மோகன்தாஸ் காந்திக்குப் பேய் என்றால் நடுக்கம். வீட்டில் வேலை பார்த்த ரம்பா என்ற வயதான அம்மா, பயம் வரும்போதெல்லாம் ராம நாமம் சொல்லும்படி கற்றுக்கொடுத்தார். மருந்தைவிட, அதைத் தந்த ரம்பாவிடம்தான் தனக்கு நம்பிக்கை அதிகம் இருந்தது என்று காந்தி சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

கஷ்டம் வந்தால்தான் சாமி ஞாபகம் வருமா என்று வீடுகளில் குத்திக்காட்டுவது உண்டு. வரட்டுமே! காஞ்சங்காட்டில் 1884-ல் பிறந்த விட்டல் ராவுக்கும் அப்படித்தான் வந்தது. தொழிலில் நெருக்கடி, மனதில் ஓயாத கவலை. ராம நாமத்தைப் பிடித்துக்கொண்ட மகனுக்கு, தந்தையே 'ஸ்ரீராம் ஜெயராம் ஜெய ஜெய ராம்' என்ற மந்திரத்தை உபதேசித்தார். 1922-ன் கடைசியில் வீட்டைவிட்டுக் கிளம்பிய அவர்தான் சுவாமி ராமதாஸ். திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்துவிட்டு, மலைக்குகை ஒன்றில் இரவும் பகலுமாக நாமம் சொன்னார். வெளியே வந்தபோது கண்ணில் பட்டதெல்லாம் ராமனாகவே இருந்ததாம். மரத்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். வழியில் வந்த மனிதரையும் கட்டிக்கொள்ள, அவர் மிரண்டுபோனார். கவலைக்கு மருந்தாகச் சொன்ன பெயர், கவலைப்பட்டவரையே எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தது.

எல்லாருக்கும் குகை வாய்க்காது. துளசி மாலையின் 108 மணிகள் போதும். கட்டைவிரலும் நடுவிரலும் மணியைத் தள்ளும். மேருமணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இருபதாவது மணியிலேயே மனம் பால் கணக்குக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் ஓடிவிடும். விரலில் அடுத்த மணி தட்டுப்பட்டதும் திரும்பி வரும். இந்தத் திரும்பி வருதலுக்காகத்தான் மாலையே. தியாகராஜர் 96 கோடி ராம நாமம் ஜபித்தார் என்பது மரபு. 21 ஆண்டுகள் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஒன்றேகால் லட்சம் வருகிறது. அதைக் கேட்டு மலைத்துப்போக வேண்டியதில்லை. எண்ணிக்கை பிடிமானத்துக்கு நல்லது. அதுவே பெருமையாகிவிட்டால், உதடு சாமி பெயரைச் சொல்ல, மனம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு எளிய வடிவம் ஒன்று உண்டு: ஸ்ரீராமஜெயம் நோட்டு. பேரனுக்குப் பரீட்சை, மகளுக்குப் பிரசவம், வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்று ஏதோ ஒன்றுக்காகப் பாட்டி எழுத ஆரம்பிப்பார். முதல் பக்கத்தில் எழுத்து பதறும். பக்கங்கள் போகப்போக வரிசை நேராகும். காகிதத்தில் எழுதி, மடித்து, நூலில் கோத்து ஆஞ்சநேயருக்கு மாலையாகப் போடுகிறவர்களும் உண்டு. வேண்டுதல் முடிந்த பிறகும் சிலர் எழுதுவதை நிறுத்துவதில்லை. அவர்களைக் கவனிக்க வேண்டும். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோதும் அந்தப் பெயர் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு நோட்டு கிடந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழுதியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு அவருக்கு என்ன பயம் இருந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.