சாப்பிட்டுப் பார்

சென்ற ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு பரீட்சை நடந்தது. எழுதியவள் என் மனைவி. திருத்தியவர்கள் என் தகப்பனார், நான், பையன், பெண் ஆகிய நால்வர். இப்போது நிதானமாக யோசித்துப் பார்த்தால், அதில் தேறாமல் போனவர்கள் திருத்தியவர்கள்தாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தோல்வியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். தோற்ற கதையைச் சொல்வதில் எழுத்தாளனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதையும் ஒரு கட்டுரையாக்கிப் பெயர் வாங்கிக்கொள்ளலாம்.

தொண்டாமுத்தூர் கோயம்புத்தூருக்கு மேற்கே, மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல் அருகில்தான் ஓடுகிறது. பாக்கு, தென்னை, வாழை, மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாம் விளைகிற பூமி. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்துக்கு நம் முன்னோர் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் பொருளை அகராதியில் தேட வேண்டியதில்லை. ஐப்பசி இரவில் எங்கள் ஊர்த் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், எலும்புக்குள் தெரிந்துவிடும். மழை ஒரு பக்கம். பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து யானை இறங்கிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தோட்டத்துக்குப் போனவர்கள் நேரத்தோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். மற்ற மாதங்களில் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிற குடும்பம், ஐப்பசியில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருகிறது.

"எல்லாரும் ஒண்ணா உக்காருறீங்க. இந்த மாசம் பூராவும் ராத்திரிக்குப் புதுசா ஏதாச்சும் செஞ்சு பாக்கலாம்னு இருக்கேனுங்க" என்றாள் என் மனைவி. ஒரு நாவலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த நான், "செய்யேன்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அவள் விளையாட்டாகத் தொடங்கவில்லை. கல்யாணத்தின்போது அவளுடைய தாய் வீட்டில் கொடுத்தனுப்பிய 'சமைத்துப் பார்' புத்தகம் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைச் சீர்வரிசையோடு சேர்த்துக் கொடுத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அது போதாதென்று கைபேசியில் யார் யாரோ சமைப்பதைப் பார்த்துக் குறிப்பு எடுத்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வீட்டுக்குப் போய், பழைய காலத்துச் சோளப் பணியாரத்துக்கு ஊற வைக்கும் கணக்கைக் கேட்டு வந்தாள். முதல் வாரம் கம்பு தோசை வந்தது. பிறகு வாழைத்தண்டை என்னவோ செய்தாள். ஒரு நாள் சேனைக்கிழங்கைப் புளியில் வேகவைத்து, தேங்காய் எண்ணெயில் முறுக விட்டிருந்தாள். பெண் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

என் தகப்பனார் மட்டும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "அரிசிம்பருப்பு இல்லீங்களா அம்மிணி?"

"இருக்குதுங்க மாமா" என்று ஒரு சின்னக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துவாள். மற்ற நால்வருக்குப் புதியது. அவருக்கு மட்டும் பழையது. இரண்டு உலை வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

பதின்மூன்றாம் நாள் ராத்திரி ஒரு குழம்பு வந்தது. அரசாணிக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, வறுத்த எள்ளை அரைத்து விட்டிருந்தாள். காயும் இனிப்பு, பாலும் இனிப்பு. ஒரு வாய் வைத்ததும் என் முகம் தானாகக் கோணிக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். எழுத்தாளனுக்கு ஒரு வாக்கியம் வாயில் வந்துவிட்டால் அதை விழுங்கத் தெரியாது.

"இது கொழம்பா, பாயசமா? முடிவு பண்ணீட்டுக் கூப்பிடு, வர்றேன்" என்றேன்.

பையன் சிரித்தான். பெண்ணும் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். எல்லோரும் சிரித்துவிட்டதால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் கத்தரிக்காய்ச் சாம்பார். அதற்கு மறுநாள் ரசம், பொரியல். நாலைந்து நாட்கள் இப்படியே போயின. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? உப்பும் புளியும் அளவாக இருந்தன, வயிறு நிறைந்தது. வீட்டில் ஒரு குரல் நின்றுபோனதை ருசி குறையாதவரை யாரும் கவனிப்பதில்லை.

எழுதிக்கொண்டிருந்த பேனா மக்கர் செய்யவே, வேறு பேனா தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்தேன். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பெண்ணின் பழைய கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. புரட்டினேன். மீதிப் பக்கங்களில் கோடு போட்டு, தேதி, பதார்த்தம், மாமா, அவர், பையன், பாப்பா என்று தலைப்பு எழுதியிருந்தாள். கம்பு தோசை: மாமா தொடலை; அவர் 'சரி'; பையன் 3; பாப்பா 2. சேனைக்கிழங்கு: அவர் படிச்சிட்டே சாப்பிட்டாங்க, தெரியலை. இப்படிப் பன்னிரண்டு வரிகள். பதின்மூன்றாவது வரியில், அரசாணி எள்ளுக் குழம்பு என்பதற்கு நேராக, 'சிரிச்சாங்க' என்று எழுதியிருந்தது. அதன் பிறகு வெற்றுப் பக்கம்.

அந்த வெற்றுப் பக்கம் என்னைச் சுட்டது உண்மை. ஆனால் அதைவிட என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. கட்டங்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர். கட்டம் நாலுதான் இருந்தது.

அன்று இரவு கேட்டேன். "உனக்கு இதிலே எது பிடிச்சது?"

"எனக்குங்களா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். "எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு நான் உக்காரையிலே பசியே போயிருக்குமுங்க. காலையிலிருந்து அந்த வாசத்திலேயே நிக்கறது. ருசி எங்கெ தெரியுது?"

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். விருந்தினன் முகத்தை அனிச்ச மலரோடு ஒப்பிட்டு, உபசரிப்பவன் முகம் மாறினால் அவன் வாடிப்போவான் என்று எச்சரித்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் படித்து வருகிற உவமை. ஆனால் சாப்பிடுகிறவனின் முகம் மாறினால் பரிமாறுகிறவள் என்ன ஆவாள்? எங்கள் வீட்டில் விருந்தினர் நாலு பேர், அதுவும் வருஷம் முழுவதும். வாடுகிற பூ இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை, கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது.

இங்கே என் தகப்பனார் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எழுபத்தெட்டு வயதானவரின் நாக்கில் சோதனை செய்யக் கூடாது என்பது ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயந்தான். "பாட்டன் பூட்டன் சாப்பிட்டது எனக்குப் போதும்" என்கிறார். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது; நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அரிசிம்பருப்பில் கிள்ளிப் போடுகிற வர மிளகாய், 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான் போர்ச்சுகீசியர் மூலமாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அதுவரை நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான் இருந்தது. மிளகைப் போல் உறைக்கிற காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. தக்காளியும் அங்கிருந்து வந்ததே. தாளிக்கிற கடலை எண்ணெய்க்கு மூலமான நிலக்கடலையும் அப்படித்தான். அரசாணிக்காயை மற்ற ஜில்லாக்களில் பரங்கிக்காய் என்கிறார்கள். பரங்கியர் தொடர்பை அந்தப் பெயரே ஒப்புக்கொள்கிறது. அவ்வளவு ஏன், கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடச் சாப்பாடு; நெல்லுச் சோறு நாள் கிழமைக்கு. தகப்பனார் தொடாமல் விட்ட கம்புதான் உண்மையில் அவருடைய பாட்டன் சாப்பிட்டது!

அப்படியானால் ஏதோ ஒரு நாள், ஏதோ ஓர் அடுப்படியில், ஒருத்தி முதன்முதலாகச் சிவப்பாக ஒரு காயைக் குழம்பில் கிள்ளிப் போட்டிருக்கிறாள். அவள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அன்றைக்கும் ஒருவன் முகத்தைக் கோணிக்கொண்டு, "இது கொழம்பா, நெருப்பா?" என்று கேட்டிருப்பான். எல்லோரும் சிரித்திருப்பார்கள். அவளும் சிரித்திருப்பாள். ஆனால் மறுநாளும் கிள்ளிப் போட்டாள். இன்று நாம் பரம்பரை என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, அந்த மறுநாளைத்தான்.

கோயம்புத்தூரில் 1912 முதல் கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நல்ல கரும்பையும் காட்டில் தானாக முளைக்கிற புல் இனத்தையும் கலந்து, அங்கே உண்டாக்கிய கோ 205 என்ற ரகம் வடநாட்டு வயல்களுக்குப் போயிற்று. ஒரு ரகத்துக்குப் பெயர் கிடைப்பதற்கு முன் எத்தனையோ நாற்றுகள் கழிக்கப்படுகின்றன. கழித்த நாற்றுக்காக யாரும் சிரிப்பதில்லை. ஏன் தேறவில்லை என்று குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அதே வேலையை ஒருத்தி வாணலியில் செய்தால் மட்டும் நமக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவளும் குறித்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள், பழைய கணக்கு நோட்டில்.

இவ்வளவும் புரிந்துவிட்டது என்ற கர்வத்தோடு நான் இரண்டாவது தப்பைச் செய்தேன்.

"மறுபடி ஏதாவது புதுசா செய்" என்று நானே கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் கொள்ளில் ஒரு பதார்த்தம் வந்தது. கொள்ளு தீய்ந்து கசந்தது. நான் அசையவில்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "பிரமாதம்" என்றேன். பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிராயச்சித்தம் செய்துவிட்ட திருப்தியோடு கை கழுவப் போனேன்.

பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "பொய் சொல்லாதீங்க. அன்னிக்குச் சிரிச்சீங்க, மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா இனிப்புத் தூக்கலாப் போச்சுன்னாவது தெரிஞ்சுதுங்க. இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கையில் ஈரத்தோடு நின்றேன்.

உண்மையா, இதமா என்பது பழைய கேள்வி. கசப்பான உண்மையைச் சொல்வதா, இனிப்பான பொய்யைச் சொல்வதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். எனக்கு அன்று பட்டது இதுதான்: நான் அவளிடம் சொன்ன உண்மையும் பொய்யும் ஒரே சரக்கு. முதல் நாள் என் சாமர்த்தியத்தை ருசித்தேன். இரண்டாம் முறை என் பெருந்தன்மையை ருசித்தேன். இரண்டு நாளும் நான் சாப்பாட்டை ருசிக்கவில்லை.

இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. என் கதைகளைப் பற்றி வருகிற கடிதங்களில், 'தங்கள் கதை அபாரம்' என்ற ஒரு வரிக் கடிதத்தை வாசித்த மறுநிமிஷம் மறந்துவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒருவர், என் நாவலில் ஒரு பாத்திரம் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு வேறு ஆளாகப் பேசுகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தினேன். அவர் என் நாவலைப் படித்திருந்தார்! உழைத்தவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். என் புதுச் சோதனைகளை வாசகர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன், ஒரு குழம்புக்கு இரண்டு வாய்ப் பொறுமை தரவில்லை.

இன்னொருவர் நமக்காகச் செய்த ஒன்றுக்கு நாம் பட்டிருக்கும் கடன் புகழ்ச்சி அல்ல; கவனம். கவனத்தோடு சொன்னால், 'உப்பு இல்லை' என்பதும் மரியாதைதான். கவனமில்லாமல் சொன்னால், 'பிரமாதம்' என்பதும் அவமரியாதைதான்.

தமிழில் 'பார்' என்ற சொல்லுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. கண்ணால் காண்பதும் பார். முயன்று தெரிந்துகொள்வதும் பார். நடந்து பார், கேட்டுப் பார், சமைத்துப் பார். மீனாட்சி அம்மாள் தம் புத்தகத்துக்கு அந்தப் பெயரை வைத்து, பாதி வேலையைச் சமைக்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். மீதிப் பாதியைச் சொல்ல அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அது நமக்கு உரியது: சாப்பிட்டுப் பார்.

எங்கள் வீட்டில் பெரிய புரட்சி ஏதும் நடந்துவிடவில்லை. தகப்பனார் இன்றும் அரிசிம்பருப்புத்தான் கேட்கிறார். வாரத்துக்கு இரண்டு ராத்திரி புதிய பதார்த்தம் வருகிறது; அன்றைக்கு ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறோம், வேண்டியதை நாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். முதல் நாள் அப்படி உட்கார்ந்தபோது என் மனைவிக்கு நிலைகொள்ளவில்லை. மூன்று தடவை எழுந்தாள். அரசாணி எள்ளுக் குழம்பு மறுபடி வந்தது, இந்த முறை புளியும் வர மிளகாயும் சேர்ந்து. எனக்கு இன்னும் அது முழுவதும் பிடிக்கவில்லை. "போன தடவைக்கு இது தேவலை, எள்ளுதான் முன்னாலே வந்து நிக்குது" என்றேன். "எனக்கும் அப்படித்தானுங்க தோணுது" என்றாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் சமைக்கிறவருக்கு எந்தப் பதார்த்தம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இன்று இரவு கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. பல வருஷங்களாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. கொஞ்சம் பொறுத்திருங்கள், எழுந்து போய்விடாதீர்கள்.