வணிகனுக்கு உவகை எங்கிருந்து வருகிறது?

சென்ற ஆண்டு பொன்னூர் மலைக்குச் சென்று எலாசாரியாரின் திருவடிகளை வணங்கித் திரும்பும்போது, அடிவாரத்தில் நம்மவர் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுள் ஓர் இளைஞர் என்னிடம், "பெரியப்பா, இதை விற்கக் கூடாது, இந்நேரத்தில் உண்ணக் கூடாது என்று இத்தனை வரம்புகளை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் கடை நடத்தினீர்களே, அதில் என்ன மகிழ்ச்சி கண்டீர்கள்?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. சிறு கடையொன்று தொடங்கி இரண்டாண்டுகளாக இழுபறியில் இருப்பவர். கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வேலை தேடிச் செல்வதா என்ற தவிப்பு அவர் குரலில் இருந்தது. அன்று ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது விடையன்று என்பது வீடு வந்து சேர்வதற்குள்ளாகவே எனக்கு உறைத்தது. அவருக்குச் சொல்லத் தவறியதையே இங்கு எழுதுகிறேன்.

வந்தவாசிக் கடைத்தெருவில் 1988 முதல் 2022 வரை மளிகைக்கடை நடத்தியவன் நான். ஜைனர் என்று சொன்னவுடன் பிறர் மனத்தில் தோன்றுவது சௌகார்பேட்டைச் செல்வர்களின் உருவமே. ஒருமுறை கடன் கேட்டுச் சென்றபோது, வங்கி அதிகாரி ஒருவர், "ஜைனருக்குக் கடன் எதற்கு?" என்று சிரித்தார். கழனியை நம்பி வாழ்ந்த குடும்பம், நிலம் பாகமானபின் பிழைப்புக்காகக் கடை வைத்தது என்பதை அவருக்கு விளக்கி மாளவில்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழக மக்களுள் ஜைனர் 89,265 பேர். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் இதில் அடக்கம். ஆகவே ஒரு சிற்றூரின் கடைத்தெருவில் நயினார் கடை ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம்.

சிறு வணிகம் நமக்குப் புதிதன்று. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்தில், துறவியர் தங்குவதற்குக் கொடையளித்தோர் பெயர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் உப்பு வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன் ஒருவன், ஏர்க்கொழு விற்ற வணிகன் ஒருவன். மன்னர் பெயர்களைப் படிக்கும்போது தோன்றாத ஓர் உறவு, அந்த உப்பு வணிகன் பெயரைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

சிலராக இருப்பதில் ஒரு சுமை உண்டு. மற்றொருவர் எடையில் தவறினால் அவர் தவறிவிட்டார் என்பர். நயினார் தவறினால் நயினார்களே இப்படித்தான் என்பர். இது நியாயமா? நியாயமில்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஒரு சமூகத்தின் பெயர் முழுவதையும் ஒருவன் தராசுத்தட்டில் ஏற்றுவது கொடுமை. இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஊர் பேசுமே என்று அஞ்சிச் சரியாக நிறுப்பவன் ஊருக்குத்தான் கட்டுப்பட்டவன். கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குக் குற்றங்களாகச் சொல்லப்பட்ட ஐந்தனுள் கலப்படம் செய்தலும், அளவில் குறைத்துக் கொடுத்து மிகுத்து வாங்குதலும் உள்ளன. பார்ப்பவர் உளரா இலரா என்ற கேள்வி அங்கு இல்லை. எனினும் தொடக்க ஆண்டுகளில் என்னைக் காத்தது விரதமா, ஊராரின் கண்ணா என்று கேட்டால், பெரும்பாலும் ஊராரின் கண்தான்.

முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், மொத்த வியாபாரி ஒருவர், "இரண்டு அட்டை முட்டை வையுங்கள், முட்டைக்கு வருகிறவர்கள் பருப்பும் எண்ணெயும் வாங்காமல் போகமாட்டார்கள்" என்றார். கணக்கில் அவர் கூறியது முழு உண்மை. நான் வைக்கவில்லை. வாடிக்கையாளர் பலர் விலகினர். ஒரே இடத்தில் எல்லாம் வாங்க விரும்புவோரைக் குறை கூற முடியாது. தேனும் வைக்கவில்லை, எலி மருந்தும் வைக்கவில்லை. ஆனால் வெங்காயமும் பூண்டும் விற்றேன். எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாத பொருளைப் பிறர் வீட்டுக்கு நிறுத்துக் கொடுத்தேன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்ற நமக்கு இது உறுத்தாமல் இருக்குமா? தொழில் வழி வரும் ஹிம்சையை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது, எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சையை அறவே விட வேண்டும் என்று பெரியோர் கூறியதைக் கொண்டு மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அத்தேறுதல் முழுமையானதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இரவு உண்ணாமை வேறொரு சிக்கல். மளிகைக்கடைக்கு மாலை ஐந்தரை முதல் எட்டரை வரைதான் உயிர். மார்கழியில் அந்நேரத்தில்தான் நாம் உண்டு முடிக்க வேண்டும். எங்கள் அடுத்த கடை கோரைப்பாய் விற்ற ஒரு பாயினுடையது. முதல் ஆண்டிலேயே என் நிலையைப் பார்த்துவிட்டு, "நயினார், நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, கல்லாவை நான் பார்த்துக்கறேன்" என்றார். அன்று தொடங்கியது அவ்வழக்கம். வெள்ளிக்கிழமை நண்பகல் அவர் தொழுகைக்குச் செல்லும்போது பாய்க்கடை என் பொறுப்பு. ரமலான் மாதத்தில் இது மிக அழகாகப் பொருந்தும். கதிரவன் மறையுமுன் நான் உண்டு வந்து அமர்வேன். மறைந்தபின் அவர் நோன்பு திறக்கச் செல்வார். ஒருவர் கல்லாவை மற்றவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இளைஞர் கேட்ட மகிழ்ச்சியில் பெரும்பங்கு அந்த அரைமணி நேரங்களில் இருந்தது என்று இப்போது உணர்கிறேன். என் வரம்பு இல்லாதிருந்தால் அவருடைய உதவி எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

இனி, என் குறையைச் சொல்கிறேன். 2012 இல் எங்கள் தெருவில், என் கடைக்கு எதிரிலேயே, குளிரூட்டப்பட்ட பெரிய பலசரக்கு அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாண்டுகள் நான் என் கடையில் அமர்ந்து அந்தக் கடையை நடத்தினேன் என்றே சொல்ல வேண்டும். எத்தனை பேர் நுழைகின்றனர், எத்தனை பைகள் வெளிவருகின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் வரவு அவ்வளவாகக் குறையவில்லை, உறக்கம்தான் குறைந்தது. ஒருநாள் இரவு என் இல்லாள், "நம் கல்லாவில் விழுந்ததை எண்ணிவிட்டீர்கள். அவர்கள் கல்லாவில் விழுந்ததையும் நீங்களே எண்ண வேண்டுமா?" என்றாள்.

அவ்வாண்டு சாதுர்மாசியத்தில் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தைப் பெரியவர் ஒருவர் விளக்கக் கேட்டேன். பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்ளும் விரதத்திற்குச் சமந்தபத்திராசாரியார் ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். அளவிறந்து சேர்த்து வைத்தல், பேராசை ஆகியவை நாம் எதிர்பார்ப்பவை. அவற்றுடன் 'அதிவிஸ்மயம்' என்ற ஒன்றும் உள்ளது. மிகுவியப்பு என்பது அதன் நேர்ப்பொருள். தான் விற்ற பொருளில் பிறர் அதிக ஆதாயம் கண்டார் என்று அறிந்து திகைத்து வருந்துதல் என உரைகாரர் விளக்குகிறார். நான் திடுக்கிட்டேன். பொறாமையை மனக்குற்றமாக மட்டுமே எண்ணியிருந்தேன். ஆசாரியரோ அதைப் பொருள்வரம்பை மீறுவோர் வரிசையில் வைத்திருக்கிறார். பிறன் ஆதாயத்தை நெஞ்சில் வைத்திருப்பவன், ஒரு காசும் கூடுதலாகச் சேர்க்காமலேயே வரம்பைக் கடந்துவிட்டான். இரண்டாண்டுகளாக எதிர்க்கடைச் சரக்கு முழுவதும் என்னிடம்தான் இருந்தது!

இது தோற்றவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்று அவ்விளைஞர் கூறக்கூடும். அதை நான் எளிதில் தள்ளமாட்டேன். நான் கட்டிக்கொண்ட பொருள்வரம்பை என் வாழ்நாளில் ஒருமுறையும் எட்டியதில்லை. எட்டாத வரம்பு விரதமாகுமா? ஆகும் என்பது என் துணிபு. 'போதும்' என்பதற்கு ஒரு தொகை இருந்ததால், ஒருநாள் வரவு குறைந்தபோது அது எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரிந்தது. தொகை இல்லாதவனுக்கு எந்த வரவும் குறைவே.

வரம்பைச் சோம்பலுக்குத் திரையாக்குவதும் நம்மிடையே உண்டு. அலமாரியில் தூசு படிந்திருந்தால் அது அபரிக்கிரகம் ஆகாது. எதிர்க்கடையைப் பார்ப்பதை விட்டபின்தான், அன்றாடக் கூலிக்காரர்களுக்கு ஐம்பது கிராம் பருப்பும் நூறு மில்லி எண்ணெயும் அங்கு கிடைப்பதில்லை என்பது என் கண்ணில் பட்டது. நான் அவற்றைக் கொடுக்கத் தொடங்கினேன். 2014 ஜனவரியில் மைய அரசு நம்மைச் சிறுபான்மையினராக அறிவித்தது. சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடனுதவியை நாடுவதை இழிவென்று கருதும் நம்மவரை எனக்குப் புரியவில்லை. முறையாக வாங்கி முறையாகத் திருப்புவதில் இழிவென்ன இருக்கிறது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஐம்பது கிராம் வாங்கியவர்கள் கையில் காசு இல்லை. என் பற்றுவழிக் குறிப்பேட்டில் நாற்பது பக்கங்கள் நிரம்பின. கணக்கில் நாம் எழுதும் 'பற்று' என்ற சொல்லும், விட வேண்டும் என்று நம் நூல்கள் கூறும் 'பற்று' என்ற சொல்லும் ஒன்றே என்பது அந்நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது. பெரும்பாலோர் மெல்ல மெல்லத் திருப்பிவிட்டனர். சிலரால் இயலவில்லை. 2022 இல் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்தபோது, அப்பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்தேன். மனம் சிறிதும் கனக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். கிழித்தபின் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

எதிர் அங்காடி இப்போதும் நன்றாக நடக்கிறது. எங்கள் கடையும் நடக்கிறது. பாய்க்கடைப் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மகன் அமர்ந்திருக்கிறார். சென்ற மார்கழியில் ஒருநாள் மாலை கடைக்குச் சென்றிருந்தேன். மணி ஐந்தேகால் இருக்கும். அவர் தம் கடையிலிருந்து எழுந்து வந்து என் தம்பி மகனின் தோளைத் தொட்டு, "பொழுது சாயுது, போய்ச் சாப்பிட்டு வா" என்று சொல்லிவிட்டு, கல்லாவின் முன் அமர்ந்தார்.