குடிகாரன் பேச்சு



"குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இரவில் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன், மறுநாள் மாலை கடை வாசலில் நிற்பதை எத்தனையோ மனைவிமார் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, குடிப்பவனை உட்கார வைத்துப் பேசுவதும் ஒரு சிகிச்சை என்று வைத்தியர்கள் சொன்னால் நமக்குச் சிரிப்பு வருவது இயல்பே. அதிலும் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறவன், மருந்தை ஒழுங்காக உண்டால் பிழைப்போம் என்று தெரிந்தும் குடித்தால், "தானே தேடிக்கொண்டான், தானே அனுபவிக்கட்டும்" என்று தள்ளிவிடுகிறோம். இது நியாயமான தீர்ப்புதானா? இவ்வாரம் இதைச் சற்று யோசிப்போம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு மனிதர் அறைவீட்டுக்கு வந்தார். (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, வராந்தாவில் உட்கார்ந்து பேசியது. பிறருக்குப் பயன்படுமானால் சொல்லலாம் என்று அவரே பிற்பாடு அனுமதி தந்தார்.) தமக்கு எச்.ஐ.வி. இருப்பதையும், குடியை விட முடியாமல் தவிப்பதையும் சொல்லத் தொடங்கினார். நான் முழுதும் கேட்கவில்லை. பாடுபட்ட சுரூபத்தின் மேல் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். பதினோரு நாள் காத்தார். பன்னிரண்டாம் நாள் விழுந்தார்.

அதன்பின் அவர் என் கண்ணில் படவேயில்லை. கோவிலுக்கு வரவில்லை, மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அங்கேயும் திட்டுவார்கள் என்று பயம். மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, குடித்த நாளெல்லாம் முன்பே மாத்திரையை விட்டிருக்கிறார். சில மாதம் கழித்து, எலும்பும் தோலுமாய்க் காச நோய் வார்டில் அவரைக் கண்டேன். "சாமி, சத்தியத்தை மீறினவன் எந்த முகத்தோடு வருவேன்?" என்றார். அவர் திரும்பி வரும் கதவுக்கு நானே தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

குருமடத்தில் தத்துவம் படித்தபோது அரிஸ்டாட்டிலின் உவமை ஒன்றைக் கற்றோம். கல்லை எறிவதும் எறியாதிருப்பதும் நம் வசம். எறிந்தபின் அதைத் திருப்பி அழைக்க முடியாது. தீய பழக்கமும் அவ்வாறே; ஆகையால் அதற்கு அடிமைப்பட்டவனும் பொறுப்பாளியே என்பது அந்த ஞானியின் முடிவு. பொறுப்பு உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பறக்கும் கல்லுக்குக் காது இல்லை, மனிதனுக்கு உண்டு.

இங்கே இரண்டு தப்பறைகள் உள்ளன. குடிப்பவன் முழுச் சுயாதீனத்தோடு குடிக்கிறான், ஆகவே தண்டனையே மருந்து என்பது ஒன்று. அவன் வெறும் நோயாளி, அவனுடைய மனோசக்தி செத்துவிட்டது, ஆகவே பேசிப் பயனில்லை என்பது மற்றொன்று. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அவனுடைய சுயாதீனம் கட்டுண்டு கிடக்கிறது, சாகவில்லை. கட்டுண்டவனை அடித்தால் கட்டு அவிழுமோ? எந்த முடிச்சு இறுகியிருக்கிறது என்று அவனையே கேட்க வேண்டும்.

பேச்சுச் சிகிச்சை செய்வது இதைத்தான். அது பிரசங்கமன்று. 1983-ல் வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எழுதி வெளியிட்ட முறையில், ஆலோசகர் வாதாடுவதில்லை. குடியால் உமக்குக் கிடைப்பது என்ன, போவது என்ன என்று கேட்டு, ஏன் விட வேண்டும் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார். பிறர் சொல்லும் காரணத்தை மனிதன் எளிதில் மறுப்பான். தன் வாயால் சொன்னதை மறுப்பது கடினம். இன்னொரு முறை, பழக்கத்தைப் பிரித்துப் பார்க்கிறது. எந்த நேரத்தில், எந்தக் கூட்டாளியோடு, எந்தத் துக்கத்தில் கை போகிறது? கூலி வாங்கிய சனிக்கிழமை எந்த வழியாய் வீடு திரும்பலாம்? ஊற்றிக் கொடுப்பவனிடம் என்ன சொல்லி மறுக்கலாம்? விழுந்துவிட்டால் மறுநாள் என்ன செய்வது?

கென்யா தேசத்தின் மேற்கே எல்டோரெட் நகரில் இம்முறையைப் பரீட்சித்தார்கள். எச்.ஐ.வி. சிகிச்சை பெற்றுவந்த, குடிப்பழக்கமுள்ள 614 பேர் இதில் சேர்ந்தனர். ஒரு சாரார் சிறு குழுக்களாக, வாரம் ஒருமுறையாக ஆறு தடவை கூடிப் பேசினர். மறு சாராருக்குப் பொதுவான ஆரோக்கியப் போதனை. குழுக்களை நடத்தியவர்கள் பெரிய வைத்தியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, முதல் சாராரிடம் குடித்த நாட்களும் குடித்த அளவும் அதிகமாய்க் குறைந்தன. எல்லோரும் அடியோடு விட்டுவிடவில்லை, பேச்சு மந்திரமன்று. ஆயினும் குறைந்தது.

நிற்க. குடும்பங்கள் அறிய வேண்டிய சில காரியங்கள் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986-ல். அன்று அது மரண ஓலை. 2004 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாய்க் கிடைக்கிறது. அதைத் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்தால், தாம்பத்திய உறவால் பிறருக்குத் தொற்றாது. ஆதலால் குடித்த நாளிலும் மாத்திரையை விடலாகாது என்பதே வைத்தியர்களின் பொதுவான புத்திமதி. மேலும், வெகுகாலம் தினமும் மிகுதியாய்க் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து வரலாம். வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இதை அறியாமல் சத்தியம் வாங்கிய நான் எவ்வளவு பேதை!

"நோய் எப்படி வந்தது?" என்று யாரையும் கேட்காதீர்கள். கணவனிடமிருந்து பெற்ற மனைவியும், தாயிடமிருந்து பெற்ற குழந்தையும் நம் நடுவில் உண்டு. நம்பிக்கையின் பேரில் அறிந்த ஒருவருடைய நிலையை, அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

ஒருவர் கேட்கலாம்: "இது குடிக்கு இடங்கொடுப்பதல்லவா? அடிவாங்கும் மனைவியின் கதி என்ன?" கேட்பது வேறு, சம்மதிப்பது வேறு. அடிக்கிறவன் முன் உட்கார்ந்து பொறுமை காக்கும்படி எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்லமாட்டேன். அவளும் பிள்ளைகளும் முதலில் பத்திரமான இடத்துக்குப் போகட்டும். "பாவசங்கீர்த்தனம் இருக்க இது எதற்கு?" என்று இன்னொருவர் கேட்கலாம். அங்கே பெறுவது மன்னிப்பு. இங்கே பழகுவது நடை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

அந்த மனிதர் பிழைத்தார். ஆஸ்பத்திரி ஆலோசகர் ஒருவர், நான் கேளாததைக் கேட்டார். இன்றைக்கும் வருஷத்தில் ஓரிரு முறை விழுகிறார். ஆனால் மறுநாள் காலையில் மாத்திரையை எடுக்கிறார், ஒளியாமல் எனக்கும் சொல்லி அனுப்புகிறார்.

வெறியில் இருப்பவனோடு இரவில் வாதாட வேண்டாம். விடியட்டும். விடிந்தபின், ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்து, "நேற்று என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை வாய் திறவாதிருங்கள். பிறகு ஆலோசகரிடம் கூடப் போங்கள். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்கிறோமே, விடிந்தபின் அவனை யாராவது கேட்டிருக்கிறோமா?

உங்கள் பங்கு சுவாமியார்