பழியைச் சுமந்தவன் மறைத்த உண்மை



நள்ளிரவு நெருங்குகிறது. தண்ணீரின் நடுவே இரண்டு பெரிய படகுகள் எஞ்சின் நின்றுபோய் மிதக்கின்றன. ஒன்றில் ஊரைவிட்டுத் தப்பி ஓடும் பொதுமக்கள், இன்னொன்றில் சிறைக் கைதிகள். இரண்டின் அடித்தளத்திலும் பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்து. மக்கள் படகில் ஒரு கருவி இருக்கிறது. அதைத் திருகினால் கைதிகளின் படகு சிதறும். கைதிகளின் படகில் இருக்கும் கருவியைத் திருகினால் மக்களின் படகு சிதறும். முந்திக்கொண்டு அடுத்தவரைக் கொல்பவர்கள் பிழைத்துப் போகலாம். பன்னிரண்டு மணிவரை இரு தரப்பும் சும்மா இருந்தால் இரண்டையும் நானே வெடிக்க வைப்பேன் என்கிறான், முகத்தில் வெள்ளைச் சாயமும் வாயில் சிவப்புச் சாயமும் பூசிய ஒருவன்.

இது 2008-ல் வந்த ‘தி டார்க் நைட்’ என்ற ஹாலிவுட் படத்தின் காட்சி. கிறிஸ்டோபர் நோலன் தம் தம்பி ஜொனாதனோடு சேர்ந்து திரைக்கதை எழுதி இயக்கிய படம். 1939-ல் அமெரிக்கச் சித்திரக் கதையில் பிறந்த பேட்மேன்தான் இதன் நாயகன். சாயம் பூசியவன் பெயர் ஜோக்கர். அந்த வேடத்தில் நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவருவதற்கு முன்பே, 28 வயதில், காலமாகிவிட்டார். மறுவருடம் அவருக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதை அவர் குடும்பத்தார்தான் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள்.

பக்தி மேடையில் இந்தக் கதை எதற்கு என்று சிலர் மனதில் ஓடும். தர்மம் எங்கே சோதிக்கப்படுகிறதோ அங்கே நாம் போய் நின்று பார்க்கத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அவர்கள் மனதைத் தொட்டது எது என்று தெரியாமல் அவர்களிடம் நாம் எந்த தர்மத்தைப் பேச முடியும்?

ஜோக்கருக்குப் பணம் வேண்டாம். கைக்கு வந்த பணத்தை மலையாகக் குவித்து எரித்துவிடுகிறான். நாற்காலியும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நல்லவன் என்று உலகில் எவனும் இல்லை, பயம் வந்தால் எல்லாரும் மிருகம்தான் என்று நிரூபிக்க வேண்டும். அசுரர்கள் தவம் செய்து வரம் கேட்டார்கள், இந்திர பதவி கேட்டார்கள். இவன் மனிதனின் நம்பிக்கையைக் கேட்கிறான். அதனால்தான் இவனைக் கண்டால் வயிற்றைக் கலக்குகிறது.

படகுக்கு வருவோம். மக்கள் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். துண்டுச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால், கைதிகளைக் கொன்றுவிடலாம் என்பவர்களே அதிகம்! ஆனால் முடிவு வந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒருவர் எழுந்து, உங்களில் யாருக்கும் கையை அழுக்காக்கிக்கொள்ள மனமில்லை, நான் செய்கிறேன் என்று கருவியை வாங்குகிறார். கையில் பிடித்துப் பார்க்கிறார். முடியவில்லை. திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். சீட்டில் எழுதும்போது பயம் எழுதியது. கருவியைத் தொட்டபோது உள்ளே இருக்கும் அந்தர்யாமி கையைப் பிடித்துக்கொண்டான்.

கைதிகள் படகில் என்ன நடந்தது? ஆஜானுபாகுவான ஒரு கைதி எழுந்து அதிகாரியின் முன்னால் வந்து நிற்கிறான். அவனைப் பார்த்தால் நமக்கே பயம் வரும். உனக்குச் சாகவும் மனமில்லை, கொல்லவும் தெரியவில்லை, அதை என்னிடம் கொடு, நான் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள் என்கிறான். பத்து நிமிடத்துக்கு முன்பே நீ செய்திருக்க வேண்டியதை நான் செய்கிறேன் என்கிறான். அதிகாரி நடுங்கிக்கொண்டே கொடுக்கிறார். வாங்கிய கையோடு அதை ஜன்னல் வழியாகத் தண்ணீரில் வீசிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.

அவன் பெயரைக் கூடப் படம் சொல்லவில்லை. சில நிமிடம்தான் வருகிறான். என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் முதல் தியாகி அவன்தான். ஏற்கெனவே குற்றவாளி என்ற பெயர். அதன்மேல் இன்னொரு பழியையும் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறான். எதற்காக? தன்னை மனிதனாகவே மதிக்காமல், கொன்றுவிடலாம் என்று சீட்டுப் போட்டவர்கள் பிழைப்பதற்காக! தன் உயிரைக் காக்கும் ஒரே கருவியை எறிந்துவிட்டானே, இதற்கு மேல் என்ன தவம் வேண்டும்?

இனி ஹார்வி டென்ட். கோத்தம் நகரத்தின் அரசு வழக்கறிஞர், நேர்மையானவர். ரவுடிக் கும்பல்களை நீதிமன்றத்தில் நிறுத்தி நடுங்க வைத்தவர். முகமூடி போட்டுக்கொண்டு இருட்டில் போராடும் பேட்மேனே, இனி எனக்கு இங்கே வேலையில்லை, இந்த ஊருக்கு வெளிச்சத்தில் நிற்கும் இவர் போதும் என்று ஒதுங்கத் தயாராக இருக்கிறார். ஆனால் டென்ட் மணக்க இருந்த ரேச்சல் ஜோக்கரின் சூழ்ச்சியில் கொல்லப்படுகிறாள். டென்ட்டின் பாதி முகம் எரிந்துபோகிறது. அவர் கையில் எப்போதும் ஒரு நாணயம் இருக்கும், இரண்டு பக்கமும் தலை உள்ள நாணயம். சுண்டினால் எப்போதும் அவர் நினைத்ததே விழும். அதிலும் ஒரு பக்கம் தீயில் கருகிவிடுகிறது. அதன்பின் யார் சாக வேண்டும், யார் பிழைக்க வேண்டும் என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கிறார். துக்கம் ஒருவனைக் கண்ணீரில் கரைத்தால் கடவுளிடம் கொண்டுபோகும். கோபத்தில் காய்ச்சினால், தர்மத்தை நாணயத்திடம் ஒப்படைக்கச் சொல்லும்.

முடிவில் டென்ட் காவல் அதிகாரி கார்டனின் சிறு மகன் தலையில் துப்பாக்கியை வைக்கிறார். பிள்ளையைக் காப்பாற்றப் பாய்கிறார் பேட்மேன். டென்ட் விழுந்து இறந்துபோகிறார். இப்போது கார்டனுக்குத் தலையில் இடி. டென்ட் கொலைகாரரான செய்தி வெளியே போனால், மக்களின் நம்பிக்கை செத்துப்போகும், ஜோக்கர் ஜெயித்துவிடுவான். அப்போது பேட்மேன் சொல்கிறார்: அந்தக் கொலைகளை என் மேல் போடு, என்னைத் துரத்து, நாயை ஏவு. அவர் நல்லவராகவே இருக்கட்டும்.

ஓடுகிறார். அப்பா, அவர் ஒரு தப்பும் செய்யவில்லையே, ஏன் ஓடுகிறார் என்று சிறுவன் கேட்கிறான். என்ன கேள்வி!

உயிரைக் கொடுத்த வீரர்கள் உலகில் அநேகம் பேர். உயிர் போனாலும் பேர் நிற்கும், நடுகல் நிற்கும், பாட்டு நிற்கும். இங்கே ஒருவர் பேரையே கொடுக்கிறார். தான் காப்பாற்றிய மக்களே தன்மேல் காறி உமிழட்டும் என்கிறார். இதைக் காணும்போது எனக்கு உடையவராகிய ராமாநுஜர் நினைவுதான் வருகிறது.

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திர ரகசியம் பெறுவதற்காக ராமாநுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. பெற்ற பிறகு வெளியே சொன்னால் நரகம் என்பது ஆசாரியனின் கட்டளை. அவரோ திருக்கோஷ்டியூர் கோயிலில் உயர ஏறி நின்று, ஆசை உள்ளவர்கள் எல்லாரும் வாருங்கள் என்று அழைத்து, அதை ஊருக்கே சொன்னார். நான் ஒருவன் நரகம் போனால் என்ன, இத்தனை பேர் கரையேறுவார்களே என்றார். குரு உருகிப்போய், நீரே எம்பெருமானார் என்று அணைத்துக்கொண்டார். பேரை மட்டுமா, மோட்சத்தையே பணயம் வைத்தார் அவர்.

இரண்டு தியாகமும் ஒரு வகையில் ஒன்று போலத் தெரிகின்றன. கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ராமாநுஜர் நரகத்தை ஏற்றுக்கொண்டது, மூடிக் கிடந்ததை எல்லாருக்கும் திறந்துவிட. பேட்மேன் பழியை ஏற்றுக்கொண்டது, எல்லாருக்கும் தெரிய வேண்டியதை மூடிவைக்க. அவர் மக்களை நம்பினார். இவர், மக்களால் தாங்க முடியாது என்று நினைத்தார். சற்று நேரத்துக்கு முன்புதான் அதே ஊர் மக்கள் சாவின் விளிம்பிலும் அடுத்தவரைக் கொல்லாமல் இருந்தார்கள்! அதை ஜோக்கரிடம் பெருமையோடு சொன்னவரும் இவரே. ஒரு டென்ட்டின் புகழ் இல்லாமலேயே நல்லவர்களாக நின்றவர்களுக்கு எதற்கு இந்தப் பொய்?

வள்ளுவர் பொய்க்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறாரே என்று கேட்பீர்கள். கொடுத்தார், குற்றமே கலவாத நன்மை விளையுமானால் என்ற நிபந்தனையோடு. இந்தப் பொய்யில் விளைந்தது என்ன? 2012-ல் வந்த அடுத்த படமான ‘தி டார்க் நைட் ரைசஸ்’ பதில் சொல்கிறது. கதையில் எட்டு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. டென்ட்டின் பெயரில் ஒரு கடுமையான சட்டம். அதன்படி ஏராளமானவர்கள் பரோல் கூட இல்லாமல் சிறையில் கிடக்கிறார்கள். கைதியின் நெஞ்சிலும் தெய்வம் இருக்கிறது என்று அந்தப் படகில் பார்த்த ஊர், கைதிகள் திரும்பி வரும் கதவைச் சாத்திவிட்டது! கார்டன் தூக்கம் கெட்டு, உண்மையைச் சொல்ல எழுதிய உரையைச் சட்டைப் பையிலேயே சுமந்து திரிகிறார். அது பேன் என்ற கொடியவன் கையில் கிடைக்கிறது. அவன் சிறை வாசலில் நின்று அதை ஊரறிய வாசித்துவிட்டுக் கைதிகளைத் திறந்துவிடுகிறான். ஊர் பற்றி எரிகிறது. நல்லவன் சொல்லத் தயங்கிய உண்மையைக் கெட்டவன் ஆயுதமாக எடுத்துக்கொண்டான்.

மகாபாரதப் போரில் துரோணர் விஷயத்தில் தர்மபுத்திரன் சொன்ன அரைப் பொய் தெரியுமல்லவா? தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவன் தேர் அன்றே மண்ணில் இறங்கியது. கடைசியில் சொர்க்கத்துக்குப் போன போதும் நரகத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. போரில் ஜெயித்தான். கணக்கு மட்டும் நேராகவில்லை.

‘தி டார்க் நைட்’ படத்தின் முடிவில் மூன்று செயல்களை நோலன் அடுத்தடுத்துக் காட்டுகிறார். கார்டன் டென்ட்டைப் புகழ்ந்து பேசுகிறார். டென்ட்டையே மணக்கப் போகிறேன் என்று ரேச்சல் எழுதிவைத்த கடிதத்தை, அவளை நேசித்த பேட்மேன் மனம் உடைந்துவிடக் கூடாதே என்று ஆல்ஃபிரெட் என்ற முதிய பணியாளர் எரிக்கிறார். மூன்றாவது, ஊரிலுள்ள எல்லாருடைய செல்போனையும் ஒட்டுக்கேட்கும் இயந்திரம். ஜோக்கரைப் பிடிக்க பேட்மேனே செய்தது. இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருக்கக் கூடாது, இது இருக்கும்வரை நான் இங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், பேட்மேனுக்குக் கருவிகள் செய்து தரும் லூசியஸ் ஃபாக்ஸ். வேலை முடிந்ததும் அவர் தன் பெயரைத் தட்டுகிறார். இயந்திரம் தானே அழிந்துபோகிறது. அப்படி ஏற்பாடு செய்து வைத்தவர் பேட்மேன்தான்.

இந்த மூன்றில் இரண்டு மறைப்பு, ஒன்று துறவு. அடுத்த படத்தில் டென்ட்டைப் பற்றிய பொய் ஊரை எரித்தது. கடித விஷயம் வெளிவந்தபோது ஆல்ஃபிரெட் அழுதுகொண்டே வீட்டைவிட்டுப் போனார். அதிகாரத்தை விட்டதால் மட்டும் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

அதனால் பேட்மேன் செய்த தியாகம் சின்னதா? ஒருநாளும் சொல்ல மாட்டேன். பழியைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் ஓடிய அந்த மனத்தை நான் கும்பிடுகிறேன். அந்த மனத்துக்கு ஊரின் மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். உங்களில் பலர் குடும்பத்துக்காக, தம்பி தங்கைக்காக, செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கிக்கொண்டு வாய்திறவாமல் இருப்பீர்கள். உங்கள் பொறுமையை பகவான் அறிவான். அந்த மௌனம் யாருடைய தவறை வளர்க்கிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படத்தில் வன்முறை அதிகம், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு படங்களையும் வரிசையாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும், கார்டன் இடத்தில் நீ இருந்தால் மறுநாள் காலை ஊருக்கு என்ன சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.