ஆடியிலேயே கிளம்பு!

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள் டச்சுக்காரர்கள். நம் கடலின் முத்து அவர்களுக்கு வேண்டியிருந்தது. வாணிபம் செய்தார்கள், 1750இல் ஒரு தேவாலயம் கட்டினார்கள், போய்விட்டார்கள். அவர்களிடமிருந்து நாம் வாங்க வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது: தண்ணீரோடு வாழும் பாடம்!

அவர்கள் நாட்டில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. அதற்காக அழுதுகொண்டா இருந்தார்கள்? 13ஆம் நூற்றாண்டிலேயே ஊர்க்காரர்கள் கூடி நீர் வாரியம் அமைத்தார்கள். இன்றும் 21 வாரியங்கள். தனித் தேர்தல், தனி வரி. அப்படியும் 1953 பிப்ரவரி 1 அன்று கடல் கரையை உடைத்தது. 1,836 பேர் மாண்டார்கள். விதி என்று விட்டுவிடாமல் அணைகளும் ராட்சதக் கதவுகளும் கட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: பிற்பாடு சில ஆறுகளின் கரைகளைப் பின்னுக்குத் தள்ளி, பறித்த இடத்தை ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

நமக்கு இல்லையா அந்த உரம்? 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். நம் தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டு சராசரி மழையை மிஞ்சிய மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது, சுமார் 800 பயணிகளோடு. வெள்ளம் சூழ்ந்த பக்கத்து ஊர் புதுக்குடி ஜனம் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது. மீனவர்கள் கடலில் ஓட்டும் படகைத் தெருவுக்குள் ஓட்டினார்கள். யார் உத்தரவு போட்டார்? எந்த அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினாய்?

வெள்ளத்து இரவில் அத்தனை வீரம் காட்டிய நீ, தண்ணீர் வடிந்ததும் நிவாரண வரிசையோடு ஏன் சுருங்கிப்போனாய்?

நீர் வாரியம் நமக்கு அந்நியமும் அல்ல. குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டி தூக்கிக் குளத்துக் கரையைப் பலப்படுத்திய மண் இது. மடை திறக்க நீர்ப்பாய்ச்சி இருந்தார். கரையைப் பொதுப்பணித் துறைக்கு விட்டுவிட்டு, மழை வந்ததும் வானத்தைத் திட்டும் பழக்கம் நடுவில் ஒட்டியது. உதறு அதை!

தம்பி, தங்கச்சி, மார்கழி வரைக்கும் காத்திருக்காதே. ஆடிக் காற்றிலேயே நாலு பேரைச் சேர். கோரம்பள்ளம் குளத்து மதகில் செடி மண்டியிருக்கிறதா, பக்கிள் ஓடையில் எங்கே குப்பை அடைத்திருக்கிறது, உன் தெருத் தண்ணீர் எந்த வாய்க்காலைத் தேடுகிறது, அதன் மேல் யார் கட்டடம் நிற்கிறது? நடந்து பார், படம் எடு, எழுது. அந்தக் கட்டடம் உன் மாமனுடையதாக இருந்தாலும் எழுது. பிறகு பொறியாளரிடம் போ. கும்பிடு போட்டு நிற்காமல் எதிரே உட்கார். "இந்த மதகு எத்தனை கன அடி தாங்கும்? அதற்கு மேல் வந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் வரும்?" என்று கேள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதே.