கேளாமல் எடுத்த நீர்

பலருடைய நன்மைக்காகச் சிலர் தம் ஊரை இழப்பது முறையா? 'ஆம்' என்போரும் உண்டு. 'இல்லை' என்போரும் உண்டு. இருசாராரும் வேல்ஸ் நாட்டின் வெர்ன்வி அணையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குக் குடிநீர் தர எழுந்த அணை அது.

லிவர்பூலின் தாகம் பொய்த்தாகமன்று. 1832-இல் அங்குக் காலரா பரவியபோது, அயர்லாந்தில் பிறந்த கிட்டி வில்கின்சன் என்னும் ஏழைப்பெண், தம் வீட்டு வெந்நீர்க் கொப்பரையை அயலாருக்குத் திறந்துவிட்டு, நோயாளிகளின் துணிகளைத் துவைக்க வழிசெய்தார். 1847-இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தோர் ஆயிரமாயிரமாய் நிலவறைகளில் அடைந்து கிடந்தனர். 1849-இல் மீண்டும் வந்த காலரா 5000-க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. தூய நீரை அம்மக்களுக்கு ஆடம்பரம் என்று எவர் சொல்வார்?

ஆகவே நகராட்சி வேல்ஸ் மலைகளை நாடிற்று. 1881-இல் பணி தொடங்கி, 1888-இல் அணை எழுந்தது. மண் அணைகளே வழக்கமாயிருந்த பிரித்தானியாவில், கல்லால் கட்டிய முதல் பேரணை அது. உயரம் 44 மீட்டர், நீளம் 357 மீட்டர். மிகைநீர் அணையின் முகட்டின் மேலேயே வழிந்தோடும். அடித்தளத்தின் கீழ் ஊறும் நீர் அணையை மேல்நோக்கித் தள்ளும் என்பதை உணர்ந்த பொறியாளர், அது வடியவும் வழி வைத்தனர். கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தையும் கணக்கில் கொண்ட அவர்தம் கவனத்தை வியவாதிருக்க முடியவில்லை. 1892-இல் அந்நீர் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடந்து லிவர்பூலை அடைந்தது.

ஆனால் அப்பள்ளத்தாக்கில் லான்வுதின் என்றோர் ஊர் இருந்தது. ஒரு கோவில், இரு சிற்றாலயங்கள், மூன்று மதுக்கடைகள், 37 வீடுகள், 10 பண்ணை வீடுகள். அனைத்தும் நீரில் மறைந்தன. கல்லறைகளில் துயின்றோரை அகழ்ந்தெடுத்து, புதிய கோவிலருகே மீண்டும் அடக்கம் செய்தனர். ஊராருக்கும் வேறிடத்தில் வீடுகள் எழுந்தன. இதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆயின் உயிரோடிருந்தோரின் விருப்பம்? நிலத்தின் பெரும்பகுதி ஒரு பிரபுவின் உடைமை, குடிகளோ குத்தகைதாரர். பேச்சு உடையவரோடு நடக்கும். குடியிருப்பவர் முடிவுக்குக் கட்டுப்படுவார். அக்கால வழக்கம் அது. அக்காலத்தோடு அது போயிற்றா என்பது வேறு கேள்வி!

'பெரும்பான்மையோரின் நன்மை' என்னும் சொல் எவர் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். பெறுகிறவர் சொன்னால் அது கணக்கு; கொடுப்பவர் தாமே முன்வந்து சொன்னால் அது தியாகம். கேளாமல் எடுத்துக்கொண்டு, பின்னர் அதையே தியாகமென்று புகழும்போது, இழந்தவரிடமிருந்து மற்றொன்றும் பறிபோகிறது. வீட்டுக்கு ஈடாக வீடு தரலாம். 'தருகிறேன்' என்றோ 'தரமாட்டேன்' என்றோ சொல்லும் உரிமைக்கு ஈடாக எதைத் தருவது?

இதே நகரம், மற்றொரு நீர்த்தேக்கத்துக்காக, ட்ரிவெரின் பள்ளத்தாக்கைப் பெற 1957-இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. வேல்ஸ் உறுப்பினருள் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. லிவர்பூல் தெருக்களில் ஊரார் ஊர்வலம் சென்றும் பயனில்லை. 1965-இல் கேப்பல் கெலின் என்னும் சிற்றூர் நீருள் மறைந்தது. 2005-இல் லிவர்பூல் நகரமன்றம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. காலங்கடந்த மன்னிப்பால் யாருக்கு என்ன பயன் என்று வினவினோர் உண்டு. எனக்கோ அது வெறும் சடங்காகத் தோன்றவில்லை. ஊரை மீட்டுத்தர இயலாதென அறிந்தே கேட்டார்கள். ஏற்பதா மறுப்பதா என்பதையாவது இம்முறை இழந்தவரிடமே விட்டார்கள்.