மூன்றாவது துவாரம்

வீட்டில் விளக்கு எரிந்தால் போதும், சுவிட்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பானேன் என்று எண்ணுகிறவர்களில் நானும் ஒருவனாகத்தான் இருந்தேன்.

ஆற்காட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பழுதான சுவிட்சுகளை மாற்ற முதிய எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். கூடத்து விளக்கை அணைத்தார்; பல்பைக் கழற்றினார்; ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"அணைச்சும் கரண்ட் நிக்குது பாருங்க ஐயா. சுவிட்சுக்கு ஃபேஸைக் கொடுக்காம நியூட்ரலைக் கொடுத்திருக்காங்க" என்றார்.

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் முக்காலிமேல் ஏறி அந்தப் பல்பைத் துடைப்பவன் நான்தான். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில், 230 வோல்ட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி விரல் வைத்து வந்திருக்கிறேன்!

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு விந்தை உண்டு. சுவிட்ச் எந்தக் கம்பியில் இருந்தாலும் விளக்கு ஒரே மாதிரிதான் எரிகிறது. ஒரே மாதிரிதான் அணைகிறது. சரியான வேலையும் தவறான வேலையும் ஒரே வெளிச்சத்தைத் தருகின்றன. கூலி கொடுப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தவன் செய்தவன் ஒருவனே.

அடுக்களையில் இன்னொன்று வெளிப்பட்டது. மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும், அதுதான் எர்த். முதலில் நுழைந்து கடைசியில் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். கிரைண்டரின் உலோக உடம்பில் மின்சாரம் கசிந்தால், அதை மண்ணுக்கு இழுத்துப் போய், ஃபியூஸைப் போக்கி, நம்மைக் காப்பது அதன் கடமை. எங்கள் சாக்கெட்டில் அந்த முனைக்குரிய துவாரம் இருந்தது; அதன் பின்னால் கம்பி இல்லை.

"அடப் பாவி!" என்று முன்பு வேலை செய்தவனைத் திட்ட வாயெடுத்தேன். அப்போது ஒரு பழைய நினைவு வந்து தொண்டையை அடைத்தது. வீடு கட்டிய நாளில் அவன், "பச்சை வயர் இன்னும் ஒரு சுருள் வேணும் சார், தோட்டத்துல எர்த் குழியும் போடணும்" என்று கேட்டான். கணக்கை ஏற்றப் பார்க்கிறான் என்று எண்ணி, "அதில்லாமல் விளக்கு எரியாதா?" என்று மடக்கியவன் நான். எரியும் என்று ஒப்புக்கொண்டு பேசாமல் போய்விட்டான்.

கம்பி இழுக்காமலே மூன்று துவாரச் சாக்கெட்டை மாட்டியது அவன் குற்றம். நியாயமாகக் கேட்டவனைத் திருடனாக நினைத்தது என் குற்றம். இந்தப் பொய்யை இருவரும் சேர்ந்தே சுவரில் பதித்திருக்கிறோம். ஈரக் கையோடு மாவரைக்க வரும் பெண்ணுக்காக அது இத்தனை காலம் காத்திருந்தது.

முதியவர் இரண்டு நாள் வேலை செய்தார். ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஸ்க்ரூவுக்கு வெளியே செம்பு தெரியாமல் முடுக்கி, வயரைச் சற்று மிச்சம் விட்டுப் பெட்டிக்குள் மடித்து வைத்தார்.

"மூடப் போகிற பெட்டிக்கு இவ்வளவு அழகா?" என்று கேட்டேன்.

"அழகுக்கு இல்லீங்க ஐயா. நாளைக்குத் திறக்கிறவன் பச்சையை நம்பித்தானே கை வைப்பான்?"

ஒழுங்கு என்றால் பார்ப்பவர் மெச்சுவதற்கு என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கும் வாக்குறுதி என்று அன்றுதான் தெரிந்தது.

கரியும் உப்பும் போட்டு எர்த் குழி அமைத்தாயிற்று. மண் ஈரமாக இருந்தால்தான் அது சரிவர வேலை செய்யும். பாலாறு மணலாய்க் கிடக்கும் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். "இங்கே என்ன செடி தாத்தா வரும்?" என்று பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கேட்கின்றன. எதுவும் நடக்காமல் இருப்பதற்காக ஊற்றுகிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?